வலது கையால் மட்டும்

இரண்டு பந்தை எறிந்து முடித்திருந்தாள் பொன்னி. இன்னும் மூன்று பாக்கி.

வேலூரில் ஒரு மைதானம். மாசி மாதத்து வெயில் பத்து மணிக்கே சுள்ளென்று அடித்தது. ஓரத்துக் குழாயடியில் மற்றப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் வரிசையாக முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் கேன்வாஸ் ஷூ. பொன்னியின் காலிலும் ஷூ இருந்தது, ஆனால் அது என்னுடையது. நுனியில் பழைய துணியைத் திணித்துக் கொடுத்திருந்தேன்.

மாநிலப் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு அன்று ஆள் எடுத்தார்கள். சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அமெரிக்காக்காரர்கள் ஆடும் பேஸ்பாலுக்கு அது தங்கச்சி முறை. பந்தை மட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடி வர வேண்டும். அப்படி ஓடுகிறவளை மடக்க, கடைசி எல்லையில் நிற்கிற பெண் பந்தை எடுத்து மட்டைக்காரிக்குப் பின்னால் நிற்கிற கேட்சரின் கைக்கு ஒரே வீச்சில் எறிய வேண்டும். அன்று அந்த எறியைத்தான் பார்த்தார்கள். ஆளுக்கு ஐந்து.

தேர்வானால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டினால், விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கியதில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஓர் இடம். மார்க்கை நம்பி பொன்னிக்கு அந்த இடம் கிடைக்காது. கணக்கில் அவள் என்றைக்கும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். டீச்சர் ஆக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அவள் ஊரில் அதுவரை டீச்சரான பெண் ஒருத்தியும் கிடையாது.

முதல் இரண்டு எறியும் கேட்சரின் கையுறையில் போய் அறைந்தன. மூன்றாவதுக்கு முன்னால் அவள் என்னை நோக்கி ஓடி வந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், ஒன்னு கேக்கட்டுங்களா?"

"இன்னாடி? சீக்கிரம் சொல்லு."

"மிச்சம் மூணும் எடது கையில எறியட்டுங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்ட டீச்சராக இருந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பதில் உங்களுக்கு வெறும் கோபமாகத் தெரியும்.

மலைக்குப் போன புதிதில்

எழுபதுகளின் பிற்பாதி. எனக்கு இருபத்து நாலு வயது. உடற்பயிற்சி ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வந்தபோது வீட்டில் கூடிப் பேசினார்கள். ஜவ்வாது மலைமேல், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். போளூரிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மழை பெய்தால் இரண்டும் கிடையாது.

அம்மா அழுதாள். நான் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மைதானம் என்று அவர்கள் காட்டிய இடம் பாதி சரிவு. பந்தை ஒருத்தி விட்டுவிட்டால் அது உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும். மற்றவர்கள் நின்று பார்க்க, விட்டவளே இறங்கி எடுத்து வர வேண்டும். இதனாலேயே எங்கள் பிள்ளைகள் பந்தை விடமாட்டார்கள். மலைக்குக் கீழே உள்ள பள்ளிக்கூடங்கள் எத்தனையோ மாதம் பழக்குவதை எங்களுக்கு அந்தப் பள்ளம் சும்மா பழக்கிக் கொடுத்தது.

மட்டை இரண்டு, கையுறை ஏழு. அதில் மூன்றை எலி கடித்திருந்தது.

ஆசிரியர் கூட்டத்துக்குப் போளூர் போனால் மற்ற பி.டி. டீச்சர்கள் என்னை "மலை டீச்சர்" என்பார்கள். "கரடிக்குக் கபடி சொல்லித் தர்றீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்கள் வாயை அடைக்க ஒரே ஒரு பெண்ணை மாநில அணிக்கு அனுப்பிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இதையும் மறைக்காமல் சொல்கிறேன். பொன்னி டீச்சராக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே எனக்கு அந்தக் கூட்டத்தில் பேர் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு குவியல்

காலாண்டு விடுமுறை முடிந்து பத்து நாள் ஆகியும் பொன்னி திரும்பி வரவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. கடைசி வருஷம். "போய்க் கூட்டி வாங்க" என்று தலைமை ஆசிரியர் என்னை அனுப்பினார்.

இரண்டு மணி நேர நடை. வழி முழுக்க மேடு. மூச்சு வாங்கியதில், பி.டி. டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

கொல்லை என்று அவர்கள் சொல்கிற மேட்டு நிலத்தில் சாமை கதிர் பிடித்து நின்றது. நடுவில் நாலு கம்பு நட்டுக் கட்டிய பரண். அதன்மேல் பொன்னி. அவளுடைய அம்மா காளியம்மா கீழே அடுப்பு மூட்டி ஏதோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கூட்டம் கிளி வந்து இறங்கியது. பொன்னி ஒரு கல்லை எடுத்தாள். கவண் இல்லை, வெறும் கை. கல் போனதை நான் பார்க்கவில்லை. கொல்லையின் அந்தக் கோடியில் கதிர் அசைந்து கிளிக்கூட்டம் மொத்தமும் எழும்பியதைத்தான் பார்த்தேன். அந்தத் தூரத்தைப் பிறகு காலால் அளந்தேன். எண்பது தப்படி வைத்தும் முடியவில்லை.

கூட்டி வர வந்ததை மறந்து சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன்.

பரண்மேல் கல் இரண்டு குவியலாக இருந்தது, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. சூரியன் உச்சிக்கு வரும்வரை வலது குவியலிலிருந்து வலது கையால் எறிந்தாள். உச்சி சாய்ந்ததும் இடது பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்டி கை மாத்துற?"

"மத்தியானத்துக்கு மேல எடது கைங்க டீச்சர். எங்கூர்ல எல்லாரும் அப்படித்தான்."

"அதான் ஏன்?"

அவள் இன்னொரு கல்லை எடுத்தாள். "தெரியலீங்க. அப்படித்தான்."

இடது கை எறி நாலைந்து அடி குறைவாகப் போனது. நேராகத்தான் போனது. நான் அதைப் பார்த்தேன். மனதில் ஓடியதெல்லாம் அவளுடைய வலது கைதான்.

நான் போட்ட பயிற்சி

பொன்னி பள்ளிக்கூடம் திரும்பியதும் பயிற்சியை ஆரம்பித்தேன். என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த ஒருத்தி ஒரு புத்தகம் அனுப்பியிருந்தாள். புத்தகம் என்றால் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த ஆங்கிலத் தாள்கள். பேஸ்பால் ஆடுகிறவர்கள் உடம்பை வலுப்படுத்துவது எப்படி, காயம் வராமல் காப்பது எப்படி என்று இரண்டு பாகம். முதல் பாகத்தில் படம் இருந்தது. இரண்டாவதில் எழுத்து மட்டும்தான்.

படம் போட்ட பாகத்தை வரி விடாமல் செய்தேன். பால் பவுடர் டப்பாவில் மணல் நிரப்பிக் கையில் கொடுத்தேன். பழைய சைக்கிள் ட்யூபை மரத்தில் கட்டி இழுக்கச் சொன்னேன். அதெல்லாம் தப்பில்லை. நானாகச் சேர்த்ததுதான் தப்பு. பந்தை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, கனத்துப் போன அந்தப் பந்தைக் காலையில் அவளிடம் கொடுப்பேன். காலையில் அறுபது எறி, மாலையில் அறுபது. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பண்டிகை கிடையாது.

எல்லாம் வலது கையால்.

ஆரம்பத்தில் பாதியில் தன்னையறியாமல் கை மாற்றுவாள். நான் விசிலின் கயிற்றால் இடது கை முட்டியில் ஒரு தட்டு தட்டுவேன். "இது கொல்லைக்காவல் இல்லடி, கேம். கேமுக்கு ஒரு ஸ்டைல் உண்டு. காட்டுப் பழக்கத்த விடு."

அவள் பழக்கத்தை விட்டாள். நான் சொன்னால் எதையும் விடுவாள்.

மார்கழியில் ஒருநாள், "தோள் கொஞ்சம் இழுக்குதுங்க டீச்சர்" என்றாள். தைலத்தைச் சூடு பண்ணி மாவு பிசைவதுபோல அழுத்தித் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். சூடு ஆறுவதற்குள் நாற்பது எறி எறியச் சொன்னேன். வலித்தால்தான் பலம் ஏறும் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, வேதவாக்காக நம்பினேன்.

அதன்பிறகு அவள் இழுக்கிறது என்று சொல்லவே இல்லை. விடுதி வாசலில் இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

காளியம்மா வந்தாள்

பொங்கலுக்கு முன்னால் காளியம்மா ஒரு படி சாமை அரிசியோடு பள்ளிக்கூடம் வந்தாள். மைதானத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்து மகள் எறிவதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டீச்சரம்மா, கதிரு அறுத்து வூட்டுக்கு வந்தாச்சு. இன்னும் இன்னாத்துக்கு எறிஞ்சிகினே கீறா?"

"போட்டி இருக்குதும்மா. பழக வேணாமா?"

"பழகட்டும். ஒத்தக் கையிலயே எறியுறாளே? நாங்க அப்படி எறியமாட்டோம். அறுப்பு முடிஞ்சா கல்லையே தொடமாட்டோம். கை போய்டும்."

"அதெல்லாம் கொல்லையில. இது வேற. உங்களுக்குச் சொன்னா புரியாது."

"எனக்கு இன்னா புரியும், நீங்க படிச்சவங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "வூட்டுக்கு வந்தப்ப பாத்தேன். தண்ணி கொடத்த எடது இடுப்புல வெக்கிறா. மின்ன எல்லாம் வலதுல வெப்பா. அதான் கேட்டேன்."

"சின்ன உடம்பு. ஓடி ஆடுனா சரியாய்டும்."

காளியம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"டீச்சராய்டுவா இல்ல?"

"கண்டிப்பா ஆவா."

"அப்ப சரி" என்றாள். சாமை அரிசியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனாள்.

நான் அந்த அரிசியைப் பொங்கித் தின்றேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மூன்று பந்து

வேலூர் மைதானத்துக்கு வருகிறேன். பொன்னி என் முன்னால் நிற்கிறாள். இடது கையில எறியட்டுங்களா?

குழாயடியில் நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள். என்னைக் கேலி செய்த அந்த டீச்சரும் தன் பள்ளிப் பிள்ளைகளோடு நாலடி தள்ளி நின்றிருந்தார்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?" என்றேன். "இத்தினி பேரு பாக்குறாங்க. கை மாத்தி மாத்தி எறிஞ்சா காட்டுல இருந்து வந்துதுன்னு சிரிப்பாங்க. பல்லக் கடிச்சிகினு வலது கையாலயே எறி. போ."

இதுதான் என் பதில். எழுதிவிட்டேன்.

"சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்கு ஓடினாள்.

மூன்றாவது பந்து பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை. எறிந்த வேகத்தில் அவள் முழங்காலிட்டு விழுந்தாள். எழுந்து நான்காவது பந்தைக் குனிந்து எடுத்தாள். கை இடுப்புக்கு மேலே எழவில்லை. பந்து விரலிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. தேர்வு செய்ய வந்தவர் விசில் ஊதி நிறுத்தினார். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தேர்வாளர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரிய மனுஷி. நேராக என்னிடம் வந்தார்.

"நடுவுல அந்தப் பொண்ணு உங்ககிட்ட வந்து என்ன கேட்டா?"

சொன்னேன்.

"எடது கையாலயும் எறிவாளா?"

"எறிவாங்க. கொஞ்சம் தூரம் கம்மியா போகும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்புறம் ஏங்க தடுத்தீங்க? பந்து வரணும், அது எந்தக் கையில வந்தா எனக்கென்ன? முதல் ரெண்டு எறியிலயே அவ பேர்ல டிக் போட்டுட்டேன். ரெண்டு கையாலயும் எறியிற பொண்ணுன்னா ஓடி வந்து எடுத்திருப்பேன். இப்ப தோள் போன பொண்ண எப்படி எடுக்கிறது?"

பொன்னி அப்போது குழாயடியில் தோளுக்கு ஈரத்துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பேச்சு கேட்கவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

மத்தியானம் ஓர் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தவர், "உள்ளே தசைநார் கிழிஞ்சிருக்கு. இது இன்னிக்கு ஒரு நாள்ல வந்ததில்ல, மாசக்கணக்கா ஆகியிருக்கு. வலிக்குதுன்னு இவ சொல்லவே இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

நான் ஈரத்துண்டை எடுத்து மடித்தேன்.

"நான்தான் சொல்லலீங்க சார்" என்றாள் பொன்னி.

படிக்காமல் விட்ட பாகம்

அடுத்த மாதம் பரீட்சை. வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, இடது கையால் எழுத்து எழுத்தாக எழுதினாள். கணக்கில் போய்விட்டது. ஊருக்குத் திரும்பினாள். மறு வருஷம் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தாள், நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

தரைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டி கட்டும்போது அந்தத் தாள்கள் அகப்பட்டன. படம் இல்லாத இரண்டாவது பாகத்தை அன்றைக்குத்தான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

எறிவதற்கு முன் உடம்பைச் சூடேற்று. ஒரு நாளைக்கு எத்தனை எறி என்று எல்லை வை. எறிந்த மறுநாள் தோளுக்கு ஓய்வு கொடு. ஆட்டக் காலம் முடிந்தால் சில மாதம் பந்தைத் தொடாதே. ஒரு பக்கமே வேலை செய்தால் உடம்பு கோணும், மறுபக்கத்துக்கும் வேலை கொடு. வலி என்று ஒருவன் சொன்னால் அன்றோடு நிறுத்து.

காளியம்மா மைதானத்து ஓரத்தில் குந்திக்கொண்டு சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழில் கையெழுத்துப் போடவும் தெரியாது. பரண்மேல் ஏறுகிறவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்ததை, அது அவர்களுடையது என்பதற்காகவே நான் தள்ளினேன்.

அதன்பிறகு எனக்கு வாய்த்த பிள்ளைகளை அந்த இரண்டாவது பாகத்தின்படிதான் பழக்கினேன். எறிகளை எண்ணினேன். வலி என்றால் உட்கார வைத்தேன். "அந்த டீச்சரா, பிள்ளைங்கள ரெஸ்டு எடுக்க வெச்சே ஜெயிப்பாங்க" என்று கிண்டலாகவும் பாராட்டாகவும் சொல்வார்கள். என் கையில் அதற்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் தோள் போகவில்லை. ஓய்வு பெற்ற அன்று மேடையில் இதைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு எப்போது வீட்டுக்குப் போவோம் என்றிருந்தது.

போளூர் பஸ் ஸ்டாண்டில்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகப் போளூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ ஓடி வந்து என் பையைப் பிடித்தார்கள்.

"டீச்சர்! அடையாளம் தெரியலீங்களா? நான் பொன்னிங்க!"

தலை நரைத்திருந்தது. பக்கத்தில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு மகள். அவளிடம், "இவங்கதான்டி எங்க டீச்சர்" என்று பெருமையாகச் சொன்னாள். மகள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தே தீருவேன் என்று பொன்னி பிடிவாதம் பிடித்தாள். அதை இடது கையால் நீட்டிவிட்டு, மரியாதைக் குறைவாகப் போயிற்றோ என்று பதறி, "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், சோத்துக் கை இன்னும் சரியா தூக்க வராது" என்றாள்.

கேட்டுவிடலாம், இப்போதாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், ரொம்ப நாளா ஒன்னு மனசுல கீது. சொல்லிடறேன். எனக்காக எவ்ளோ பாடுபட்டீங்க. தோள் இழுக்குதுன்னதும் கையப் புடிச்சி தைலம் தேச்சி வுட்டீங்க. எங்கம்மாகூட அப்படிச் செஞ்சதில்ல. அத்தினி பேர் முன்னால உங்களுக்குத் தலகுனிவு வாங்கிக் குடுத்துட்டேன். இன்னும் கொஞ்சம் பல்லக் கடிச்சிருந்தா பந்து போயிருக்கும். என்னாலதான் போச்சு. மன்னிச்சிடுங்க டீச்சர்."

என் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் நின்று கத்தினார்.

"அதெல்லாம் இன்னாத்துக்குடி இப்ப? வுடு" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளை மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னல் வழியே பார்த்தால், அவள் முகம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அந்த நிம்மதியைப் பார்த்தும் நான் இறங்கவில்லை.

முகவரி வாங்கவில்லை. பிறகு விசாரித்ததில் மலையில் அவள் ஊரில் அவர்கள் இல்லை, எங்கோ தோட்டத்து வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்று அவள் மகளின் கையில் இதே வாரப் பத்திரிகை இருந்தது. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

பொன்னியின் மகளே, உன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இதை நீ படித்தால் உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாகப் படி. பொன்னி, அன்று உன்னை எடுப்பதாகத்தான் இருந்தார்கள். நீ இடது கையில் எறிந்திருந்தால் எடுத்திருப்பார்கள். அதைத் தேர்வு செய்ய வந்த அம்மாள் என்னிடம் சொன்னார், நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ டீச்சர் ஆகாமல் போனது என்னால்.